அடுப்படி கிழக்கு, கூடம் மேற்கு

அரசாங்கத்தில் முனைகள் மற்றும் கோடிகள் துறை என்று ஒரு துறை இருந்தது. நாட்டுக்கு உச்சி எது, அடி எது, கிழக்கே கடைசி எது, மேற்கே கடைசி எது என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு கல் நட்டு, அந்தக் கல்லை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வடக்குக் கோடியில் கல் நட்டாகிவிட்டது. தெற்குக் கோடியிலும் ஆகிவிட்டது. அந்த இரண்டு பிரிவுக்காரர்களும் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல், உடம்பு தேறி, ஒருவருக்கொருவர் குடும்பத்தோடு பழகி, நிம்மதியாக இருந்தார்கள். கிழக்குக்கோடிப் பிரிவுக்கும் மேற்குக்கோடிப் பிரிவுக்கும்தான் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பிரிவுக்கும் நடுச்சுவரில் ஒரே ஒரு மின்விசிறி. தலையை ஆட்டி ஆட்டி இரண்டு பக்கமும் காற்று கொடுக்கிற வகை. அது எங்கள் பக்கம் குறைவாகத் திரும்புகிறது என்று இரண்டு பிரிவும் பல காலமாக மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாமல் சுகமாக வாழ்ந்தவர்களில் ஆயிலும் ஒருவர்.

ஆயில் என்பது ஊர் வைத்த பெயர். தீவில் படகு மோட்டார் பழுதுபார்ப்பவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் கிரீஸ் மிச்சமிருக்கும். அவர் மனைவி தையற்காரி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கடைசித் தெருவில் கடைசி வீடு அவர்களுடையது. தெருவைப் பார்த்த கூடத்தில் அவள் தைப்பாள். கூடத்தைத் தாண்டினால் அடுப்படி. அடுப்படியைத் தாண்டினால் கொல்லை, பட்டறை, உப்பங்கழி, கழியில் கட்டிய படகு. வாசல் கிழக்கு பார்த்தது, கொல்லை மேற்கே.

ஒரு நாள் ஆயில் மோட்டார் ஒன்றின் வயிற்றைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, முக்காலியைத் தோளில் சுமந்தபடி ஓர் இளம்பெண் வந்து நின்றாள். நில அளவைக்காரி.

"அண்ணே, உங்க வீட்டு வழியா ஒரு கோடு போகுது," என்றாள்.

"கரண்ட்டா, தண்ணிக் குழாயா?"

"ரெண்டும் இல்லண்ணே. பூமிக்கோடு. நூத்தியெண்பது."

ஆயில் எழுந்து வீட்டைப் பார்த்தார். கூரை தெரிந்தது, கொடியில் காயும் துணி தெரிந்தது. கோடு தெரியவில்லை. அந்தப் பெண் கீழே கிடந்த ஒரு பழைய சக்கரத்தை நிமிர்த்தினாள்.

"இந்த ஆணியிலேர்ந்து எண்ண ஆரம்பிக்கிறோம்னு வச்சுக்குங்க. இப்படிப் போனா கிழக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்படிப் போனா மேற்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு எண்ணிக்கையும் சுத்திக்கிட்டு வந்து பின்பக்கம் ஒரே எடத்துல முட்டுதா? அதான் நூத்தியெண்பது. கிழக்கும் அங்கதான் முடியுது, மேற்கும் அங்கதான் முடியுது. அது உங்க அடுப்படி நிலைப்படியில இருக்கு."

"இருந்தா?"

"உங்க அடுப்படி உலகத்தோட கிழக்குக் கோடி. உங்க ஹாலு மேற்குக் கோடி."

கூடத்தில் தையல் மிஷின் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். "எத்தனை கோடியாம்?"

"நம்ம வீடு தெருக்கோடின்னு சொல்லுதும்மா. அதையே கொஞ்சம் பெரிசாச் சொல்லுது."

அளவைக்காரி டீ குடித்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது அவள் முகம் சரியில்லை. "அண்ணே, நான் பாட்டுக்கு அளந்துட்டேன். மேலிடத்துல சொல்லாம இருக்க முடியாது. மனசுல வச்சுக்காதீங்க."

"கோடுதானேம்மா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்," என்றார் ஆயில். அரசாங்கத்தோடு பழகாதவர் பேசுகிற பேச்சு அது.

அந்தக் கோடு உலகத்தையே பாதியாகப் பிளந்துகொண்டு போகிறது. ஆனால் அந்த நாட்டில் அது தொடுகிற இடங்களில் கூரை உள்ள இடம் ஆயில் வீடு ஒன்றுதான். மற்றதெல்லாம் கடல், இல்லாவிட்டால் சேறு. சேற்றில் நாற்காலி போட முடியாது. நாற்காலி போட முடியாத இடத்தில் விழா நடத்த முடியாது. விழா நடத்த முடியாத இடத்தைத் துறை கோடியாக ஏற்றுக்கொள்வதில்லை.

அதனால் இரண்டு இயக்குநர்களும் புறப்பட்டு வந்தார்கள். தீவுக்கு ஒரே படகு என்பதால் ஒரே படகில் வர வேண்டியதாயிற்று. கிழக்குக்கோடி இயக்குநர் படகின் மூக்கில் உட்கார்ந்தார். மேற்குக்கோடி இயக்குநரான அம்மையார் வாலில் உட்கார்ந்தார். நடுவில் அவர்களுடைய இரண்டு கற்கள் இருந்தன. ஊர் அவர்களுக்கு அன்றைக்கே கிழக்கு சார், மேற்கு மேடம் என்று பெயர் வைத்துவிட்டது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிழக்கு சார் அடுப்படியில் நாற்காலி போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். கோட் போட்டிருந்தார். உலகத்தின் கிழக்குக் கோடியிலிருந்து சூரியோதயம் பார்க்கும் முதல் அரசு அதிகாரி என்ற பெருமையோடு முதுகு நிமிர்ந்திருந்தது.

தையற்காரி அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், அந்த ஜன்னல்ல சாயங்காலம்தான் வெயில் வரும்."

"அம்மா, இது கிழக்குக் கோடி. சூரியன் கிழக்கில்தான் உதிக்கும்."

"உதிக்கும் சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஹால் பக்கம் உதிக்கும்."

அவர் சிரித்தார். படிக்காதவர்களை மன்னிக்கிற சிரிப்பு. சற்று நேரத்தில் கிழக்கு வெளுத்தது; அதாவது மேற்கு வெளுத்தது. கூடத்து ஜன்னல் வழியாக வெயில் வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த மேற்கு மேடத்தின் முகத்தில் விழுந்தது. உலகத்தின் கிழக்குக் கோடியில் உட்கார்ந்திருந்தவர் இருட்டில் இருந்தார்.

"நான் கேட்கவே இல்லை," என்றார் மேற்கு மேடம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "தானா வந்தது."

"மின்விசிறியில் செய்ததையே சூரியனிலும் செய்திருக்கிறார்கள்," என்று கிழக்கு சார் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினார். சூரியன் இந்தத் துறையின் கட்டுப்பாட்டில் வருவதில்லை என்றும், உரிய துறையை அணுகும்படியும் பதில் வந்தது.

கல் நட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு காவல் போட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஆளுக்கு அரைக் காவலாளிக்குத்தான் அனுமதி இருந்ததால், ஒரே காவலாளிக்கு இரண்டு தொப்பி கொடுத்தார்கள். காலையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு கூடத்தில் மேற்கைக் காக்க வேண்டும். மதியத்துக்கு மேல் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு அடுப்படியில் கிழக்கைக் காக்க வேண்டும். ரெண்டுதொப்பி என்று பெயர் வந்துவிட்ட அந்த மனிதன் நல்லவன். விதிமுறைதான் அவனைப் படுத்தியது.

ஏனென்றால், நிலைப்படியைத் தாண்டுகிறவர் உலகத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறார். ஒரு மனிதன் செய்யக்கூடிய மிக நீண்ட பயணம் அது. அதற்கு மேல் போக இடம் கிடையாது. ஆகவே தாண்டுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்து, சல்யூட் வைத்து வாழ்த்த வேண்டும் என்று உத்தரவு.

"யாரது?"

"நான்தான்டா."

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"அடுப்படியிலேர்ந்து."

"என்ன காரியமா?"

"உனக்குத்தான் டீ கொண்டுவர்றேன்."

"கோச்சுக்காதீங்கக்கா, கடமைக்குக் கேட்டேன். உலகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்தமைக்குத் துறையின் சார்பில் வாழ்த்துகள்," என்று எழுந்து சல்யூட் வைத்துவிட்டு டீயை வாங்கிக்கொள்வான். மதியம் அவனே தாண்டவேண்டி வரும்போது, நீலத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கி, சிவப்புத் தொப்பியை மாட்டி, தான் வந்ததற்குத் தானே சல்யூட் வைத்துக்கொண்டான். யாரும் பார்க்காவிட்டாலும் வைத்தான். அப்படிப்பட்டவன்.

"ஒரு வாய் தண்ணி எடுக்கப் போனா எனக்கு ரெண்டு வாழ்த்துங்க," என்று தையற்காரி கணவனிடம் அலுத்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பேர் வாழ்த்தல."

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்தாள். நிறைமாதம். மருமகன் சரக்குக் கப்பலில் போயிருந்தான். தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா வரவழைத்திருந்தாள். கையில் பையும் முன்னால் வயிறுமாக அவள் அடுப்படிக்குள் நுழையப் போக, ரெண்டுதொப்பி சல்யூட் வைத்தான்.

"ஏம்ப்பா, நான் இந்த வீட்டுலதான் தவழ்ந்தேன். அப்பல்லாம் எவனும் எந்திரிச்சு நிக்கலியே?"

"அப்போ இது வெறும் வீடுங்க," என்றான் அவன் வருத்தத்தோடு.

வயிற்றுச் செய்தி இரண்டு இயக்குநர்களின் காதுக்கும் போயிற்று. முதலில் வந்தவர் கிழக்கு சார்.

"தாயே!" என்றார் மகளைப் பார்த்து. அவருக்கு அவளைவிட முப்பது வயது கூட. "உலகத்தின் கிழக்குக் கோடியில் பிறக்கப்போகும் முதல் பிரஜை உங்கள் வயிற்றில் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட பெருமை! பிறப்பது குழந்தைதான் என்றாலும் பெருமை முழுவதும் என் பிரிவுக்கே. அடுப்படியில் கட்டில் போட ஏற்பாடு செய்துவிட்டேன்."

பின்னாலேயே மேற்கு மேடம் வந்தார். "அடுப்படியில புகைம்மா. புள்ளைக்கு ஆகாது. எங்க பக்கம் வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு. மேற்குலதான் பெத்துக்கணும். நான் ஒரு பொம்பளை, என் பேச்சைக் கேளு. எனக்கும் பதவி உயர்வு வந்து வருஷக்கணக்காச்சு."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ஆஸ்பத்திரியில பெத்துக்கப்போறேன்."

இரண்டு இயக்குநர்களும் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரி எந்தக் கோடியில் இருக்கிறது?" என்று கேட்டார் கிழக்கு சார்.

"கழிக்கு அந்தாண்ட. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த படகில் வந்த உத்தரவு வேடிக்கையாக இல்லை. அமைச்சர் நேரில் வந்து இரு கோடிகளையும் திறந்துவைப்பார். அதன் பிறகு வீடு இரு கோடி நினைவகம் ஆகிவிடும். வீட்டுக்காரர்களுக்குப் பெருநிலத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆயில் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "அஞ்சாவது மாடியில படகை எங்கம்மா கட்டுறது?" என்று மனைவியைக் கேட்டார். எலி வளையானாலும் தனி வளை என்று, ஊர்க்காரர்களின் சட்டையும் பாவாடையும் தைத்துத் தைத்து அவள் எழுப்பிய சுவர் அது. மிஷினில் மாட்டியிருந்த துணியைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அதுதான் அவரைக் கிளப்பியது. காதுக்குப் பின்னால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, மேற்கு மேடத்தைப் பார்க்கப் போனார்.

"மேடம், எங்க வீட்டை எங்களுக்கே விட்டுடச் சொல்லுங்க. கோடு இருந்துட்டுப் போகட்டும். நாங்க அதை ஒண்ணும் பண்ண மாட்டோம்."

மேற்கு மேடம் பரிவோடுதான் கேட்டார். "எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா நான் மேற்குப் பாதிக்குத்தான் பொறுப்பு. கிழக்குப் பாதியை அவர் விட்டாத்தான் நீங்க குடியிருக்க முடியும்."

"அவர் விட்டுட்டா நீங்க விட்டுடுவீங்களா?"

"அவர் விட்டா நான் எப்படிங்க விட முடியும்? அவர் சொல்றதுக்கு நான் தலையாட்டுற மாதிரி ஆயிடாதா?"

கிழக்கு சாரிடம் போனார். அவர் இதையே இலக்கணத் தமிழில் சொன்னார்.

விழா நெருங்கியது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே பலகை அடித்து மூடினார்கள். அமைச்சர் வந்து திறப்பதற்கு ஏதாவது மூடியிருக்க வேண்டும் அல்லவா. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தையற்காரி வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றி, சேற்றில் மிதித்து வாசல் வழியாகக் கூடத்துக்கு வந்தாள். இது பாதுகாப்புக் குறைபாடு என்று கண்டுபிடித்து, வீட்டுக்கு இரண்டு பக்கமும் கழி வரைக்கும் தகரம் அடைத்தார்கள். அதன் பிறகு ஆயில் கொல்லைப்பக்கம், மனைவியும் மகளும் தெருப்பக்கம். அவர் பலகையைத் தட்டி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். "பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. நீங்க?" என்று அவள் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பாள். ரெண்டுதொப்பி அந்த நேரத்தில் மட்டும் எதையோ மறந்துவிட்டவன்போல எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

விழா அன்று மழை கொட்டியது. வெளியே போட்ட பந்தல் சரிந்துவிட்டதால் ஊரும் அதிகாரிகளும் கூடத்துக்குள் அடைந்துகொண்டார்கள். அமைச்சர் பெரிய உடம்புக்காரர், சிரித்த முகம். பலகையைப் பெயர்த்து நிலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அடுப்படிப் பக்கம் சிவப்பு, கூடத்துப் பக்கம் நீலம்.

கிழக்கு சார் முதலில் பேசினார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே! இந்தக் கோடியைக் கண்டுபிடிக்க எங்கள் பிரிவு பட்ட பாடு கொஞ்சமல்ல. நாங்கள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? ஓர் அடுப்பு இருந்தது. அதில் சமைத்தார்கள். அவ்வளவுதான்! இன்றைக்கு இங்கே சமைக்க முடியாது. இதுவே வளர்ச்சி."

மேற்கு மேடம் எழுந்தார். "எனக்கு முன்னால் பேசியவர் கொஞ்சம்தான் பேசினார், அவர் பிரிவில் விஷயமும் கொஞ்சம்தான். மேற்குக் கோடியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதற்கு மேல் மேற்கே போக முடியாது. எங்கள் பிரிவும் இதற்கு மேல் எங்கேயும் போகாது என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன்."

கைதட்டினார்கள். எந்த ரிப்பனை முதலில் வெட்டுவது என்ற கேள்வி வந்தது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அமைச்சர் நீல ரிப்பனுக்குக் கீழே குனிந்து புகுந்து, இரண்டு ரிப்பனுக்கும் நடுவே நிலைப்படியில் காலை அகட்டி நின்றார். அவர் உடம்புக்கு நிலை சரியாக இருந்தது. காற்றுகூடப் போகவில்லை.

"அப்ப நான் இப்ப எங்க இருக்கேன்?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"கிழக்கில் இருக்கிறீர்கள்," என்று கிழக்கு சார் அடுப்படிப் பக்கமிருந்து ஒரு கையைப் பிடித்தார்.

"மேற்குல இருக்கீங்க," என்று மேற்கு மேடம் இன்னொரு கையைப் பிடித்தார்.

அப்போதுதான் கூடத்து மூலையிலிருந்து, "அம்மா," என்று மகள் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. தையற்காரி ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். அடுப்படியில் கிழக்கு சாருக்குப் பின்னால் நின்ற ஆயிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னங்க! படகை எடுங்க!" என்று அவள் கத்தினாள். ஆயில் கழியைப் பார்த்து ஓடினார்.

மகளை அணைத்துக்கொண்டு தையற்காரி நிலைக்கு வந்தாள். நிலையில் அமைச்சர் இருந்தார்.

"வலி எந்தப் பக்கம் வந்தது?" என்றார் கிழக்கு சார்.

"ஹால்ல! எல்லாரும் பாத்தாங்க, ஹால்லதான் வந்துச்சு. குழந்தை மேற்கு," என்றார் மேற்கு மேடம். "பெத்து முடிக்கிற வரைக்கும் யாரும் தாண்டக் கூடாது."

"ஆரம்பம் எங்கே என்பது முக்கியமல்ல, முடிவுதான் முக்கியம். இந்தப் பக்கம் விடுங்கள்!"

"ஐயா, நீங்க கொஞ்சம் நகருங்க," என்று மகள் அமைச்சரைப் பார்த்துச் சொன்னாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் நகரத்தாம்மா பாக்குறேன். கையை விட மாட்டேங்கிறாங்களே!" என்றார் அவர். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், ஆப்பசைத்த குரங்குபோல, இருந்த இடத்தில் இறுகிப்போயிருந்தார்.

தையற்காரி அதற்கு மேல் யாரிடமும் பேசவில்லை. மிஷின் மேல் கிடந்த தன் கத்தரிக்கோலை எடுத்தாள். மேற்கு மேடம் ஒரு கணம் பயந்துவிட்டார். அவள் நீல ரிப்பனை இழுத்து, அமைச்சரின் இடுப்பைச் சுற்றிக் கையை விட்டுச் சிவப்பு ரிப்பனையும் இழுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வெட்டு வெட்டினாள். இரண்டு துணியைச் சேர்த்து வெட்டுவது அவளுக்குத் தினப்படி வேலை.

"ரிப்பன் வெட்டியாச்சு!" என்றாள். "எல்லாரும் கை தட்டுங்க!"

ரெண்டுதொப்பிதான் முதலில் தட்டினான். பிறகு ஊர் தட்டியது. ரிப்பன் வெட்டினால் கைதட்ட வேண்டும் என்பது இரண்டு இயக்குநர்களுக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரத்தத்தில் ஊறியது. தட்டுவதற்குக் கை வேண்டும். அமைச்சரின் கையை விட்டார்கள்.

விட்டதும் அவர் அடுப்படிப் பக்கமாகத் தள்ளாடிப் போய்க் கிழக்குக் கோடிக் கல்லின் மேல் உட்கார்ந்தார். அம்மாவும் மகளும் நிலையைத் தாண்டினார்கள். ரெண்டுதொப்பி பழக்கத்தில் சல்யூட் வைத்தான். இரண்டா மூன்றா என்று குழம்பி, மூன்றாகவே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படகு வரைக்கும் கூடவே ஓடினான். தான் பழுதுபார்த்த மோட்டார்களிலேயே அன்றைக்குப்போல எதுவும் முதல் இழுப்பில் கிளம்பியதில்லை என்று ஆயில் பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் அமைச்சர் கல்லின் மேலேயே உட்கார்ந்து டீ கேட்டார். கிழக்குக் கோடியில் சமைக்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. குடித்தபடி யோசித்தார்.

"கோடு ஒண்ணுதானே?"

"ஒன்றுதான்," என்றார்கள்.

"வீடும் ஒண்ணுதானே?"

"ஒன்றுதான்."

"அப்ப இயக்குநர் எதுக்கு ரெண்டு? ஒருத்தர் போதுமே. யார் இருக்கிறது, யார் போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க." கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் படகேறினார்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்தது. ஆயில்தான் எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"குழந்தை எது?" என்றார் கிழக்கு சார்.

"பொண்ணு சார்! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க!"

"அதைக் கேட்கவில்லை. எது என்று கேட்டேன்."

"பொண்ணுதான் சார். நல்லாப் பாத்துட்டேன்."

பின்னாலிருந்து மேற்கு மேடத்தின் குரல் கேட்டது. "அதை விடுங்க சார், இப்ப நம்ம கதையைப் பேசுவோம்." அந்த இரண்டு பிரிவும் ஒன்றை ஒன்று 'சார்' என்று கூப்பிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர்கள் பேசினார்கள். ஒருவர் வேலை போனால்தான் மற்றவர் வேலை நிலைக்கும் என்ற கட்டத்தில், இரண்டு வேலையும் நிலைக்க என்ன வழி என்று யோசித்தார்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பூமி உருண்டை என்பதைத் துறை கொள்கையளவில் ஏற்றுக்கொள்கிறது. உருண்டைக்குக் கோடி கிடையாது. இல்லாத ஒன்றை எங்கே வைக்க வேண்டும் என்று பூமி சொல்லாதபோது துறைதான் சொல்ல வேண்டும். ஆகவே கோடு ஆயில் வீட்டை விட்டு வளைக்கப்படுகிறது. கிழக்குக் கோடி தெற்கே நடுக்கடலில் உள்ள ஒரு பாறையில் இருக்கும். மேற்குக் கோடி வடக்கே தொலைவிலுள்ள ஒரு மணல்திட்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம் என்பதால் ஒரே இயக்குநரால் இரண்டையும் பார்த்துக்கொள்வது உடல்நலத்துக்கு உகந்ததல்ல. இரண்டு இயக்குநர், இரண்டு படகு, இரண்டு மின்விசிறி தேவைப்படும்.

அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அறிக்கை நீளமாக இருந்தது என்கிறார்கள்.

தகரத்தைப் பிரித்தார்கள். கற்களைப் பிடுங்கினார்கள். பாறையையும் மணல்திட்டையும் காக்க இரண்டு தனித்தனிக் காவலாளிகள் வந்ததால், ரெண்டுதொப்பி வடக்குக் கோடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே வேலை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தான். வீட்டை வெறும் வீடு என்று அறிவித்து ஓர் உத்தரவும் வந்தது. ஆயில் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்த சில நாட்களில் இரண்டு இயக்குநர்களும் விடைபெற வந்தார்கள். இப்போது படகில் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கிலுகிலுப்பை. கூடத்தில் பாயில் கிடந்த குழந்தையின் மேல் இருவரும் குனிந்தார்கள். குழந்தை வாயைக் கோணி ஒரு பக்கமாக இழுத்தது.

"பார்த்தீர்களா! என்னைப் பார்த்துச் சிரித்தது," என்றார் கிழக்கு சார்.

"உங்களைப் பாத்தா? கண்ணு என் பக்கம்தானே இருந்துச்சு. என்னைப் பாத்துதான் சிரிச்சுது," என்றார் மேற்கு மேடம்.

"நான் முதலில் குனிந்தேன்."

"குனிஞ்சா ஆச்சா?"

தையற்காரி நடுவில் புகுந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அது சிரிப்பு இல்லீங்க. வயித்துல காத்து," என்றாள், முதுகை மெல்லத் தட்டியபடி. "தட்டினாப் போயிடும்."